செவ்வாய்க்கிழமைக்காரரும் சனிக்கிழமைக்காரனும்

இதை வாசிக்கப்போகும் எல்லோருக்கும் முதலிலேயே சத்தியம் செய்து தருகிறேன்: நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவர்கூட நம்பப்போவதில்லை. என் மனைவி நம்பவில்லை. எங்கள் தெரு நாய்கள்கூட நான் வாயைத் திறந்ததும் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டன. ஆனாலும் ஆழ்வார்குறிச்சி ஆவுடையப்பனைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று நம் தன்னார்வலர் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, அதற்குத் தகுதியான ஆள் நான்தான் என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஏகமனது என்றால் என் ஒரு மனது. அவரைப் பார்த்து என் அளவுக்கு வயிறெரிந்தவன் தாமிரபரணியின் இரண்டு கரையிலும் கிடையாது. பிரியம் இருப்பவன் அவ்வப்போது கண்ணை மூடிக்கொள்வான். வயிறெரிகிறவன் இமைகூடக் கொட்டுவதில்லை. ஆகவே அவரை அறிந்த உங்கள் எல்லோரையும்விட அவரை நான்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அவர் இறந்த செய்தி வந்தபோது, சேரன்மகாதேவியில் என் வீட்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்று மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டிருந்தேன். என் குரலைக் கேட்டிராதவர்களுக்கு ஒரு விளக்கம்: நான் வீட்டுக்குள் தும்மினால் அம்பாசமுத்திரத்தில் யாராவது ஒருவர் "நூறு" என்பார். அப்பேர்ப்பட்ட தொண்டையை அடக்கிக்கொண்டு, "சாப்பிட்டியாம்மா? நல்லா இருக்கியா?" என்று கண்ணாடியிடம் சில நாட்களாகக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தேன். தொண்டைக்குத்தான் ஏதோ வந்துவிட்டது என்று பயந்து மனைவி மிளகுக் கஷாயம் வைத்துவிட்டாள். அந்தக் கஷாயமும் கையுமாக நிற்கும்போது போன் அடித்தது. ஜெபசீலி டீச்சர்.

"மாமா, ஆவுடையப்பன் சார் தவறிட்டாங்க."

"எப்போ?" என்றேன், பழக்கத்தில் வந்த கிசுகிசுப்பிலேயே.

"விடியக்காலம். தூக்கத்திலேயே போயிருக்காங்க. அழாதீங்க மாமா. குரலே வரலையே உங்களுக்கு."

நான் அழவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம். தூக்கத்திலேயே போய்விட்டாராம். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்கவில்லையாம். அந்த மனிதருக்கு எது கிடைத்தாலும் சத்தமில்லாமல் கிடைத்துவிடும். நானெல்லாம் ஒரு காப்பி வாங்கிக் குடிக்கவே ஊரைக் கூட்ட வேண்டியிருக்கிறது.

ஜெபசீலி, சிறப்புக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியை. பெற்றவர்களோடு இருக்க முடியாமல் போன குழந்தைகளை விடுதியில் விடாமல், ஒரு குடும்பத்திடம் வளர்க்கச் சொல்லி அரசாங்கம் ஒப்படைப்பது உண்டு. தத்து அல்ல, வளர்க்கும் பொறுப்பு மட்டும். அப்படி வளரும் பிள்ளைகளில் சிலருக்குப் பேச்சும் படிப்பும் மற்றவர்களுக்கு வருவதுபோல் வராது. வாரத்தில் கொஞ்ச நேரம் அவர்களோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று ஜெபசீலி கேட்டபோது, ஓய்வுபெற்றவர்கள் இரண்டு பேர் கை தூக்கினோம். ஒருவர் ஆவுடையப்பன், ரயில்வேயில், இறங்க ஆளில்லாத சின்னச் சின்ன ஊர்களில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். மனைவி காலமாகிவிட்டார். பிள்ளைகள் கிடையாது. இன்னொருவன் நான்; கடைக்காரர்களின் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வாளராக இருந்தவன். வேலையில் இருந்தவரை எவனும் எடையில் ஏமாற்றாமல் பார்த்துக்கொண்டேன். ஓய்வுக்குப் பிறகு என் பேச்சில் நானே எடையைக் கூட்டிக்கொள்கிறேன். அதைச் சோதிக்க இன்னும் இலாகா திறக்கவில்லை.

எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே குழந்தையைக் கொடுத்தார்கள். அவள் நிஜப் பெயரைச் சொல்லக்கூடாது. இசக்கி என்று வைத்துக்கொள்வோம். அப்போது பத்து வயது இருக்கும். சேரன்மகாதேவியில், வாழைத்தோட்டத்தில் வேலை பார்க்கும் பேச்சியம்மாளும் அவள் புருஷனும் இசக்கியை வளர்த்துவந்தார்கள். பேசும் வார்த்தைகள் மிகக் கொஞ்சம். யாரையும் முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. சத்தம் ஆகவே ஆகாது. குக்கர் விசிலடித்தாலும் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினாலும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவாள்.

"நீங்க ஒண்ணும் பெருசாச் செய்ய வேண்டாம். பக்கத்துல போய் இருங்க. அவளா உங்ககிட்ட வார வரைக்கும் காத்திருக்கணும்" என்றார் ஜெபசீலி.

காத்திருக்க வேண்டுமாம்! அது ஆவுடையப்பன் வாழ்நாள் முழுக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை. அன்று வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அவர் சொன்னார்: "வண்டி வரும்வே. நாம ஸ்டேஷன்ல இருக்கணும், அவ்வளவுதான்." போட்டி ஆரம்பிக்குமுன்பே அவர் ஜெயித்துவிட்டார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவருக்குச் செவ்வாய்க்கிழமை, எனக்குச் சனிக்கிழமை என்று பிரித்துக்கொடுத்தார்கள். சனி என் பக்கம் வந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமை படை திரட்டிக்கொண்டு போனேன். படம் போட்ட அட்டைகள், விரலில் மாட்டி ஆட்டும் துணி யானை, ஒரு உடுக்கை, வண்ண வண்ண மணிச்சட்டம். வாசலில் நின்று, "ஏளா இசக்கி, மாமா வந்திருக்கேன்!" என்று பிரியமாகத்தான் கூப்பிட்டேன். தோட்டத்தில் இரண்டு வாழை தாரோடு சாய்ந்தன. வயலில் நின்ற கொக்குகள் கிளம்பிக் கூடங்குளம் வரை பறந்து, அதற்கு மேல் கடல் என்பதால் நின்றன. இசக்கி காதைப் பொத்திக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் போய்விட்டாள்.

பேச்சியம்மாள் வெளியே ஓடி வந்தாள். "மாமா, கொஞ்சம் பைய பேசுங்க. புள்ள பயப்படுதுல்லா."

"நான் பையத்தானம்மா பேசுதேன்."

"இதுவா பைய? மாடு கயித்த அத்துக்கிட்டு நிக்குது."

அன்று முதல் என் வகுப்பு இப்படித்தான் நடந்தது: நான் மாட்டுக்கு இந்தப் பக்கம், மாணவி மாட்டுக்கு அந்தப் பக்கம், நடுவில் மாடு. துணி யானையை மாடு மட்டும்தான் ரசித்தது. நான் பெரிய மனிதன்; என் பேச்சைக் கேட்கக் கல்யாண வீடுகளில் பந்தியை விட்டே எழுந்து வருவார்கள். ஒரு பத்து வயதுப் பிள்ளை என்னைப் பார்த்ததும் காதை மூடுகிறாள் என்றால் எப்படி இருக்கும்? எனக்கு அப்போதிருந்து ஒரே ஆசைதான். ஒரே ஒரு தடவை, என் முன்னால், அந்தக் கை காதைவிட்டுக் கீழே இறங்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு நாள் போனேன். ஒளிந்துதான் போனேன், வைக்கோல் படப்புக்குப் பின்னால். ஆவுடையப்பன் தரையில் உட்கார்ந்து மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அட்டை இல்லை, மணிச்சட்டம் இல்லை. வாயே திறக்கவில்லை. உரிப்பதும் கேவலமாக இருந்தது. பயறைத் தொலியோடு போட்டுவிட்டு, தொலியைப் பயறு போட வேண்டிய சொளகில் சேர்த்தார். பக்கத்தில் இசக்கி. அவள் கை காதில் இல்லை. தொலிக்குள் கிடந்த பயறைத் தேடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "ஒண்ணு" என்றார், காற்றுக்குக்கூடக் கேட்காதபடி. இன்னொன்றை வைத்தாள். "ரெண்டு." அவ்வளவுதான் பாடம். மூன்றாவதை வைக்கும்போது அவள் உதடு அசைந்தது.

வைக்கோல் தூசி மூக்கில் ஏறியது. நான் தும்மினேன்.

இசக்கியின் கைகள் காதுக்குப் போயின. ஆவுடையப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெளிய வாரும்வே. படப்புக்குச் சளி பிடிச்சிருக்குன்னு மாடு திங்காமப் போயிரும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை நான் ஒரு மூட்டை மொச்சைக்காய் கொண்டுபோய் இறக்கினேன். அவர் சொளகளவு வைத்துச் சாதித்ததை மூட்டையளவில் சாதிக்க முடியாதா என்ன? அந்தத் தெருவே பல நாள் மொச்சைக் குழம்பு சாப்பிட்டது. "இனியும் மொச்ச வந்தா நாங்க ஊரக் காலி பண்ணிட்டுப் போயிருவோம் மாமா" என்று பேச்சியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். இசக்கி மூட்டையைப் பார்த்தாள்; என்னைப் பார்த்தாள்; நான் வாயைத் திறக்குமுன்பே காதைப் பொத்திக்கொண்டாள்.

இதை ஆவுடையப்பனிடம் சொன்னபோது அவர், "நல்ல முன்னேற்றம்லா" என்றார்.

"என்னத்த முன்னேற்றம்?"

"உம்மள அடையாளம் தெரிஞ்சுக்கிட்டால்லாவே."

ரயில் நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் நின்று ஒரு நாள் நேரடியாகவே கேட்டுவிட்டேன். "ஓய், உண்மையச் சொல்லும். அந்தப் பிள்ளைக்கு என்ன மருந்து வச்சீரு?"

"மருந்தா? வாய மூடிக்கிட்டு இருக்கேன்வே. அந்தச் சரக்கு உம்ம கடையில கிடையாது."

டீக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பாய்லர் அணைந்துவிட்டது. நான் காசைக் கொடுக்காமல் வந்துவிட்டேன். அவர்தான் கொடுத்திருப்பார். அதிலும் அவர்தான் முந்திக்கொண்டார்.

அவர் இறப்பதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, வகுப்பு முடிந்து ஊருக்கு வண்டி ஏறாமல் என் வீட்டுக்கு வந்தார். அப்படி அவர் வருவதே கிடையாது. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். பிறகு, வண்டி கொஞ்சம் தாமதம் என்று அறிவிப்பதுபோலச் சொன்னார்: "இன்னைக்கு என்னைத் தாத்தான்னு கூப்பிட்டா."

அன்று எனக்கு அடித்த காய்ச்சலில் என்மேல் வைத்த ஈரத்துணி ஆவியாகிவிட்டது. "எல்லாக் கிழவனையும் பிள்ளைங்க தாத்தான்னுதான் கூப்பிடும். அதுல என்ன கிரீடம் இருக்கு?" என்றேன்.

"உம்மையும் கூப்பிட்டாளாவே?"

என் வாழ்க்கையில் நான் பதில் சொல்லாத முதல் கேள்வி அது. கேட்டிருக்க வேண்டாமோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். டம்ளரைக் கீழே வைத்தார். காப்பி அவர் வேட்டியெல்லாம் சிந்தியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அந்த மனிதரை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிந்தது.

"ஒரு தடவை பையப் பேசித்தான் பாருமேவே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் கண்ணாடி முன்னால் நிற்க ஆரம்பித்தேன். அந்தச் சனிக்கிழமை வருமுன்பே அவர் போய்விட்டார்.

ஆழ்வார்குறிச்சியில் அவர் வீட்டில் அன்று கூடிய கூட்டத்தைப் பார்த்துச் செங்கோட்டை வண்டி நடுவழியில் நின்று, டிரைவர் இறங்கி வந்து மாலை போட்டுவிட்டுப் போனார். நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கலாம். காரியங்களை அவர் தங்கை மகன் சங்கரன் பார்த்துக்கொண்டான். இன்னும் கல்யாணம் ஆகாத பையன். தாத்தா இறந்துவிட்டார் என்பதை இசக்கிக்கு ஜெபசீலி வீட்டுக்கே போய் நிதானமாகச் சொல்லியிருந்தார். பார்க்க வேண்டும் என்று அவள் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாளாம். அதனால் கூட்டிக்கொண்டு வந்தார்கள். "மேளம் மட்டும் வேண்டாமே" என்று ஜெபசீலி கேட்டதும் சங்கரன் சரி என்றுவிட்டான். சங்கை மட்டும் நிறுத்த முடியாது. இசக்கி காதைப் பொத்திக்கொண்டு, பேச்சியம்மாளின் சேலையோடு ஒட்டி மதில் ஓரத்தில் நின்றாள்.

குளிப்பாட்டி, மாலை போட்டுக் கிடத்தினார்கள். சடங்கு செய்கிறவர், "பேரன் பேத்திமாரு வாங்க. நெய்ப்பந்தம் பிடிக்கணும்" என்று குரல் கொடுத்தார். குச்சியில் துணி சுற்றி நெய்யில் நனைத்துக் கொளுத்திய பந்தத்தைப் பிடித்துக்கொண்டு, பேரப்பிள்ளைகள் தாத்தாவைச் சுற்றி வருவது நம் பக்கத்து வழக்கம். பந்தம் பிடிக்க ஆள் இருந்தால் அவர் வாழ்ந்து முடித்தவர் என்று பேர். முற்றத்தில் யாரும் அசையவில்லை. "இல்லாததுக்கு என்ன செய்ய? அப்படியே தூக்குங்கப்பா" என்றார் ஒரு பெரியவர்.

அப்போது இசக்கி வந்தாள். இரண்டு கையும் காதில் இருக்க, கூட்டத்துக்குள் முழங்கையால் இடித்துக்கொண்டு வந்து, அவர் தலைமாட்டில் நின்றாள்.

"இது யாரு பிள்ளை? சொந்தக்காரங்கதானய்யா பந்தம் பிடிக்கணும்" என்றார் அந்தப் பெரியவர்.

பேச்சியம்மாளின் முகம் சுண்டிவிட்டது. "வந்துரு ளா. இது நமக்கில்ல" என்று பிள்ளையின் தோளைத் தொட்டாள். இசக்கி நகரவில்லை. ஜெபசீலி என்னைப் பார்த்தார். ஏன் எல்லோரும் சிக்கலான நேரத்தில் என்னையே பார்க்கிறார்கள்?

நான் வாயைத் திறந்தேன். என் சொந்தக் குரலில் பேசியிருந்தால் அந்த வீட்டு ஓடு பாபநாசம் அணையில் போய் விழுந்திருக்கும். ஆனால் பிள்ளை பக்கத்தில் நின்றாள். கண்ணாடி முன்னால் பழகிய குரலில் சொன்னேன்: "பேத்திதான்வே. அவருக்கு இருக்கது ஒரே ஒரு பேத்தி."

அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்கு என்னைப் பல காலமாகத் தெரியும். நான் கிசுகிசுத்து யாரும் கேட்டதில்லை. இந்த ஆள் இவ்வளவு மெதுவாகச் சொல்கிறான் என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். நான் ஆயுளில் சொன்னவற்றில் ஊர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். சங்கரன் மட்டும் என் கண்ணைப் பார்த்தான். பிறகு, "ஆமா. குடுங்க அவ கையில" என்றான்.

என் நிலைமையைப் பாருங்கள். எந்தப் பட்டத்தை நினைத்து எனக்குக் காய்ச்சல் வந்ததோ, அதை நானே சபை நடுவில் அவருக்குச் சூட்டிவிட்டேன்.

பந்தத்தை நீட்டினார்கள். இசக்கி அதைப் பார்த்தாள். பந்தம் பிடிக்க ஒரு கை வேண்டும். சங்கு ஊதுகிறவர் தயாராக நிற்பதும் அவளுக்குத் தெரிந்தது. வலது கையைக் காதிலிருந்து எடுத்தாள், பந்தத்தை வாங்கிக்கொண்டாள். இடது கை இடது காதிலேயே இருந்தது. வலது காது திறந்து கிடந்தது.

சங்கு உதட்டுக்குப் போய்விட்டது. நான் யோசிக்கவில்லை. என் உள்ளங்கையை அந்தக் காதின்மேல் வைத்தேன்.

சங்கு முழங்கியது. அவள் தோள் ஒரு தடவை குலுங்கியது; பந்தம் விழவில்லை. நடக்க ஆரம்பித்தாள். அவரைச் சுற்றிவர எனக்கு எந்த முறையும் கிடையாது. ஆனால் காது போகிற இடத்துக்குக் கை போகத்தானே வேண்டும்? என் தொப்பையை வைத்துக்கொண்டு, முதுகை வளைத்து, அந்தப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்தபடி நானும் என் போட்டியாளரைச் சுற்றி வந்தேன்.

அன்றைக்கு மறுபடியும் எரிய ஆரம்பித்த வயிறு இன்னும் அடங்கவில்லை. நானும் ஒரு நாள் போவேன். எனக்குப் பேரன்கள் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து பறந்து வருவார்கள். ஒரு கையில் போனும் ஒரு கையில் பந்தமுமாகச் சுற்றிவிட்டுப் போவார்கள். காதிலிருந்து கையை எடுத்து எனக்குப் பந்தம் பிடிக்க யார் இருக்கிறார்கள்? ஆவுடையப்பனுக்கு அது கிடைத்தது. இதைவிடப் பெரிதாக ஒரு மனிதன் எதைக் கொண்டுபோக முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. படுபாவி, கொண்டுபோய்விட்டார்.

அவருடைய செவ்வாய்க்கிழமையை இப்போது நான்தான் வைத்திருக்கிறேன். ஜெபசீலி கேட்டார், யாருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வாங்கிக்கொண்டேன். இசக்கியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நான் பேச ஆரம்பித்தால் இப்போதும் கை மேலே போகிறது. அதனால் பேசுவதில்லை. ஒரு மணி நேரம், நான், வாயை மூடிக்கொண்டு! ஆவுடையப்பனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு மணி நேரம்தான். அதையும் என் மனைவி நம்ப மறுக்கிறாள்.

இதுவரை எழுதியதில் எதெது எத்தனை மடங்கு என்று யாரும் தராசோடு வர வேண்டாம். எல்லாவற்றிலும் எடையைக் கூட்டியிருக்கிறேன். ஒரு சின்ன இடத்தை மட்டும் உள்ளபடியே விட்டிருக்கிறேன். சங்கு ஊதி முடிந்த பிறகும், பந்தத்தை வாங்கி அணைத்த பிறகும், என் கை அந்தக் காதின்மேலேயே இருந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. அது நிஜம்.